ஏழுக்கு நான்கு: நம்மைக் கேட்காமல் போட்ட ஒப்பந்தங்கள்

நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சேரி. அங்குள்ள சமுதாயக் கூடத் திண்ணையில், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் உட்காருவது வழக்கம். சென்ற மாதம் ஒருநாள் பொது அறிவுப் பகுதி. "சார்க் அமைப்பின் தலைமையகம்?" "காத்மண்டு." "தொடங்கிய ஆண்டு?" "1985." "உறுப்பு நாடுகள்?" "எட்டு." எல்லாமே சரியான விடை. அப்போது ஒரு தங்கை கேட்டார்: "மனப்பாடம் பண்றோம் சரி. இதுக்கும் நம்ம தெருவுக்கும் என்ன இருக்கு?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தெருவில் எல்லோரும் 'சிலோன் அப்பத்தா' என்று கூப்பிடும் மூதாட்டி, தகரப் பெட்டியிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு குடும்ப அட்டையை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தார். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், 1970களின் தொடக்கத்தில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். "ரெண்டு கவர்மெண்டும் பேசி முடிச்சுட்டாகன்னு சொன்னாக. எங்களக் கேட்டா அனுப்புனாக?" என்றார்.

அந்தத் தங்கையின் கேள்விக்கும் அப்பத்தாவின் கேள்விக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை. நாடுகள் கூடிப் பேசுவதைப் பாடப்புத்தகம் 'பிராந்திய ஒத்துழைப்பு' என்கிறது. நம் பகுதியில் அந்த ஒத்துழைப்பு நூறாண்டுக்கும் மேலாக நடந்திருக்கிறது. அதில் கைமாறிய பொருள் நம் மக்கள். பேச்சுவார்த்தை மேசையில் மட்டும் நமக்கு இடம் இருந்ததில்லை.

நரிக்குடி வழியாகப் போன பாதை

நரிக்குடி இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1985இல் மாவட்டம் பிரியும்வரை அது பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று நீளும் இந்த வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையென்றால் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் மிளகாயும். கிருதுமாலிலும் குண்டாற்றிலும் எந்த வருஷம் தண்ணீர் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்று சீமைக்கருவேலமும் கரிமூட்டமும்தான் பலருக்குப் பிழைப்பு.

நரிக்குடியில் மருதுபாண்டியர் கட்டிய சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் யாத்திரீகர்கள் தங்கிச் செல்வதற்காகக் கட்டியது. பார்த்திபனூர், பரமக்குடி, இராமநாதபுரம் என்று கடலை நோக்கிப் போகும் அதே திசையில், 19ஆம் நூற்றாண்டில் இன்னொரு கூட்டமும் நடந்தது. அது புண்ணியம் தேடிப் போன கூட்டமல்ல, கூலி தேடிப் போன கூட்டம். பாம்பன், தொண்டி, அம்மாபட்டினம் கரைகளில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

அவர்கள் ஏன் போனார்கள்? பாடப்புத்தகம் 'பஞ்சம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் உண்மை. கண்மாய் வறண்டது உண்மை. ஆனால் ஒரே வானத்தின் கீழ், ஒரே கண்மாய்க் கரையில், நிலம் வைத்திருந்தவன் ஊரில் இருந்தான்; நிலமில்லாதவன் தோணி ஏறினான். நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை மழை தீர்மானிக்கவில்லை. சாதி தீர்மானித்தது.

இதற்கு இராமநாதபுரம் மாவட்டத்திலேயே எழுத்துச் சாட்சி இருக்கிறது. 1930 டிசம்பரில் இம்மாவட்டத்தின் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. வீட்டில் மண்பானை தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தப் பட்டியலைப் பதிவுசெய்தார். அண்ணல் அம்பேத்கரின் எழுத்திலும் இது இடம்பெற்றது. 1930இல் நிலைமை இதுவென்றால், அதற்கு ஐம்பது ஆண்டு முன்பு தோணி ஏறியவர்கள் எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தகர டிக்கெட்

ஆரம்பத்தில் காப்பித் தோட்டம். 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. காப்பிக்கு ஆள் பருவத்துக்குப் போய்த் திரும்பினால் போதும். தேயிலைக்கு வருஷம் முழுவதும் குடும்பத்தோடு ஆள் வேண்டும். அதனால் போனவர்கள் அங்கேயே தங்கினார்கள்.

ஆள் பிடித்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்து, வழிச்செலவு கொடுத்து, அதையெல்லாம் கடனாக எழுதி, தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் காசு வாங்கியவர். கங்காணிகளில் பெரும்பாலோர் நிலமுள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கூட்டிப்போன தொழிலாளர்களில் பாதியோ அதற்கு மேலோ பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். தோட்டத்து லயங்களில் சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது பொய். அதுவும் அதே தோணியில் கூடவே போனது.

இங்கேதான் 'நாடுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு' தொடங்குகிறது. இலங்கையும் சென்னை மாகாணமும் பிரிட்டிஷ் பேரரசின் இரு வேறு நிர்வாகங்கள். ஆள் தேவைப்பட்டது அங்கே, ஆள் இருந்தது இங்கே. 1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றையே திறந்தார்கள். தொழிலாளியின் கழுத்தில் தோட்டத்தின் எண்ணும் அவருடைய எண்ணும் பொறித்த தகர டிக்கெட் தொங்கியது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தன. மண்டபத்தில் பெரிய முகாம் கட்டி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, சில நாட்கள் அடைத்துவைத்து, பிறகு அனுப்பினார்கள். ரயில், பாலம், கப்பல், முகாம், டிக்கெட் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி ஓடின. இன்று மாநாடுகளில் 'தடையற்ற போக்குவரத்து', 'இணைப்பு' என்று பேசுகிறார்களே, அது நூறு ஆண்டுக்கு முன்பே மண்டபத்தில் இருந்தது, கூலி ஏற்றுமதிக்காக.

1922இன் குடியகல்வுச் சட்டம் இதில் ஓரளவு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்திய அரசு தன் பிரதிநிதியைக் கண்டியில் அமர்த்தியது. 1927இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தோட்ட மக்களின் நிலையை ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். கேட்டவர்கள் அதிகாரிகள். தொழிலாளி அப்போதும் மனுதாரர்தான்.

நாம் நடத்திய ஒத்துழைப்பு

அரசுகளைப் பற்றி மட்டும் பேசினால் நம் வரலாறு பாதிதான் வரும். அதே காலத்தில், அதே கடலைத் தாண்டி, நம் முன்னோர்கள் வேறொரு உறவைக் கட்டினார்கள்.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் போனது. நம் ஆட்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் பத்திரிகையும் சங்கமும் பின்னாலேயே போயின.

1950இல் அண்ணல் அம்பேத்கர் கண்டியில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டுக்குச் சென்றார். கொழும்பில் அங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களிடமும் பேசினார். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் அந்த ஆண்டு தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. பௌத்தத்தின் பெயரில் சமத்துவம் பேசிய ஒரு மேடைக்குச் சில மைல் தூரத்தில் அது நடந்தது. அறம் பேசும் மதமும் அரசின் கைக்குப் போனால் யாருக்கு வேலி கட்டும் என்பதை நாம் அங்கிருந்தும் கற்கலாம்.

வாக்கைப் பறித்த இரண்டு சட்டங்கள்

1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலைநீக்கம் செய்தது. நேரு கொழும்பு போனார். அந்தச் சமயத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. ஆகஸ்ட் 1 முதல், இலங்கைக்குக் கூலிக்கு ஆள் போவதை இந்திய அரசு தடைசெய்தது. போய்வந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒரே நாளில் அந்தக் கரை, இந்தக் கரை என்று பிரிந்தன.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. ஆட்சியாளர்களுக்குப் பயம் வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம், பரம்பரைச் சான்று காட்ட முடியாதவர்களைக் குடிமக்கள் அல்ல என்றது. லயத்தில் பிறந்தவனிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தோளில் கூடையாகச் சுமந்தவர்கள் நாடற்றவர்களானார்கள்.

தோழர்களே, இதை இலங்கைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆவணம் வைத்திருக்க வாய்ப்பே தராமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ஆவணம் எங்கே என்று கேட்பது எல்லா அரசுகளுக்கும் தெரிந்த வழி. பட்டா கேட்டு அலைந்த ஒவ்வொரு சேரிக்கும் இது தெரியும்.

ஏழுக்கு நான்கு

1954இல் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம். அது தீர்க்கவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடெல்லியில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஏற்பாடு. பதினைந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டும். ஏழு பேர் கப்பல் ஏறினால் நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை, இதுதான் விகிதம்.

அந்த எண்களை மறுபடி பாருங்கள். பிறந்த இடம், செய்யும் வேலை, பேசும் மொழி, புதைத்த பிணம் எதுவும் அதில் இல்லை. முதலில் எண்ணை முடிவுசெய்தார்கள். ஆளை அப்புறம் தேடினார்கள். யாரை அனுப்புகிறார்களோ அவர்களின் தொழிற்சங்கங்களைக் கேட்கவில்லை. தோட்ட மக்களின் தலைவராக இருந்த தொண்டமான் எதிர்த்தார், எதிர்ப்பு எடுபடவில்லை.

பிறகு விண்ணப்பம் கேட்டபோது கணக்கு இடித்தது. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகம். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கியதைவிடக் குறைவு. அதாவது, மக்கள் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள். பதில் ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்பதால் அந்தப் பதிலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வந்தது. அரசு தோட்டங்களை எடுத்துக்கொண்ட காலம் அது. வேலை நாட்களும் ரேஷனும் குறைந்தன. அப்போது 'போகிறோம்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் பலர். பசியில் எழுதிக் கொடுத்ததை விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

1974 ஜனவரியில், பிறகு பேசலாம் என்று வைத்திருந்த 1,50,000 பேரை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். அதே 1974 ஜூனில்தான் கச்சத்தீவு ஒப்பந்தம். ஒவ்வொரு தேர்தலுக்கும் தமிழ்நாட்டு மேடைகளில் கச்சத்தீவு வரும். தீவு போனதைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேசுகிறோம். அதே ஆண்டில், அதே இரண்டு தலைவர்கள், ஒன்றரை லட்சம் மனிதர்களைச் சரிபாதியாகப் பிரித்ததை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறோமா? மண்ணுக்கு இருக்கும் மரியாதை மண்ணில் உழைப்பவனுக்கு இல்லை. அவன் சேரிக்காரன் என்றால் இன்னும் இல்லை.

'தாயகம்' திரும்பிய பிறகு

அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. அங்கே பிறந்தவர் எப்படித் திரும்புவார் என்று யாரும் கேட்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. கூலிகளை அனுப்பிய அதே மண்டபம் முகாம், இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டது.

நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கின. பின்னால் அதுதான் டான்டீ நிறுவனம். தாயகம் திரும்பியோருக்கென 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குத் தொழில்கடன். இவை சிறிய காரியமல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இவற்றால் நின்றன. ஆனால் தேயிலை பறிக்க மட்டுமே தெரிந்தவரைக் கரிசல்காட்டில் கடை வைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தால் என்ன ஆகும்? கடன் காசு சாப்பாட்டுக்குப் போனது. வேலை தேடிக் கொடைக்கானல் மலைக்குப் போன குடும்பங்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டது 1980களில் வெளியே வந்தது. 

ஊருக்கே வந்தவர்களின் கதை வேறு. அப்பத்தா சொன்னார்: "அங்க எங்களக் கள்ளத்தோணின்னாக. இங்க வந்தா சிலோன்காரின்னாக. ஆனா தண்ணி எடுக்கப் போனா மட்டும் நாங்க யாருன்னு எல்லாருக்கும் சரியாத் தெரிஞ்சிருச்சு." குடியுரிமையைச் சரிபார்க்க இரண்டு அரசுகளுக்குப் பதினைந்து ஆண்டு போதவில்லை. சாதியைச் சரிபார்க்க ஊருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு வேதனை. தீண்டாமைக்குச் சான்று தேவைப்படவில்லை, இடஒதுக்கீட்டுக்குத் தேவைப்பட்டது. பூர்வீக ஊர் எது, அங்கே யார் சாட்சி என்று கேட்டு, சாதிச் சான்றிதழுக்காக அலைந்த தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர். கல்வி உதவித்தொகையும் கல்லூரி இடமும் அந்த ஒரு காகிதத்தில் நின்றன.

பேசக் கூடாதவை

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். 1985 டிசம்பர் 8ஆம் நாள் டாக்காவில் ஏழு நாடுகள் சார்க் சாசனத்தில் கையெழுத்திட்டன. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. தேர்வுக்கு இதுவரை போதும். நமக்குத் தேவையானது அந்தச் சாசனத்தின் பத்தாவது பிரிவு. அது இரண்டு விஷயம் சொல்கிறது: எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் விவாதத்துக்கு வரக் கூடாது.

சண்டையிட்டுக்கொண்டிருந்த நாடுகளை ஒரே அறைக்குள் கொண்டுவர அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மலையகத் தமிழர் பிரச்சினை இந்தியா–இலங்கை இருதரப்பு, எனவே வெளியே. ஈழத்தமிழர் பிரச்சினை சர்ச்சைக்குரியது, எனவே வெளியே. 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தபோது ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஈழம் பற்றிப் பேசினார்கள்; ஆனால் மாநாட்டு மேசையில் அல்ல, பக்கத்து அறையில். ஒரு பிராந்தியத்தின் மக்களுக்கு எது வாழ்வா சாவா பிரச்சினையோ, அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதைப் பேசுவதற்கு ஓர் அமைப்பு.

சாதியும் அப்படித்தான் வெளியே நின்றது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை என்று சார்க் நாடுகளில் பெரும்பாலானவற்றில் தீண்டாமை வெவ்வேறு பெயரில் இருக்கிறது. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று எதிர்த்தது இந்திய அரசு. ஆக, இரண்டு நாடு சம்பந்தப்பட்டால் 'இருதரப்பு', ஒரு நாடு சம்பந்தப்பட்டால் 'உள்நாட்டு விஷயம்'. நாம் பேச வேண்டியதற்கு மட்டும் எந்த மேசையும் இல்லை.

வேறு கூட்டமைப்புகள் எப்படி நடக்கின்றன? ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் வரிச்சலுகை வேண்டுமென்றால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. அதன்படி 2010இல் இலங்கை அந்தச் சலுகையை இழந்தது. 2017இல் திரும்பப் பெற்றது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2013 அக்டோபரில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்மானமே போட்டது. சாதி பிறந்த மண்ணின் கூட்டமைப்பு வாய் திறக்காததை, கடல் கடந்த ஒரு கூட்டமைப்பு பேசியது.

அதற்காக அவர்களைப் புனிதர்களாக்க வேண்டாம். அதே ஐரோப்பிய ஒன்றியம் 2016 மார்ச்சில் துருக்கியோடு ஓர் ஏற்பாடு செய்தது. கிரேக்கத் தீவுகளிலிருந்து ஒரு சிரியரைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்பினால், துருக்கியிலிருந்து இன்னொரு சிரியரை ஐரோப்பா எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று. நமக்கு இது எங்கேயோ கேட்ட கணக்காக இல்லையா? 1964இல் ஏழுக்கு நான்கு. கூட்டமைப்பின் பெயர் எதுவானாலும், வேலிக்கு வெளியே நிற்பவனை அது எண்ணாகவே பார்க்கிறது, அவன் அமைப்பாகத் திரண்டு பேசும்வரை.

இன்று

2014இல் காத்மண்டுவில் நடந்ததற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது நின்றுபோனது. இந்தியாவின் கவனம் 1997இல் தொடங்கிய பிம்ஸ்டெக் பக்கம் திரும்பியது. மேசை மாறுகிறது, யார் உட்காருகிறார்கள் என்பது மாறவில்லை.

இலங்கை, எஞ்சிய நாடற்றவர்களுக்கு 1988, 2003 சட்டங்களின் மூலம் குடியுரிமை கொடுத்தது. அதற்காக அங்கே தொழிற்சங்கங்கள் பல ஆண்டு போராடின. ஆனால் 1983 வன்முறைக்குப் பிறகு தோணியில் தப்பி வந்த மலையகத் தமிழர்களில் பலர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் நாடற்றவர்களாக இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரான அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று அண்டை நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை. இராமநாதபுரத்திலிருந்து கூலிக்குப் போனவரின் கொள்ளுப்பேரன், இராமநாதபுரத்தில் அகதியாகக் கையெழுத்துப் போடுகிறான்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022இல் இலங்கை பொருளாதாரத்தில் சரிந்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் தர முன்வந்தது. அதற்கும் ஒன்றிய அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். 2023இல் மலையக மக்கள் தம் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையில் நடந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நடந்த அந்த நடையை எந்த அரசும் நடத்தவில்லை, மக்களே நடத்தினார்கள். வழியில் செத்தவர்களைப் பெயரில்லாமல் விட்ட வரலாற்றுக்கு அது ஒரு பதில்.

நம் கையில் இருப்பது

படிக்கும் தம்பி தங்கைகளிடம் மூன்று விஷயம் கேட்கிறோம்.

முதலாவது, உங்கள் தெருவில் 'சிலோன்', 'ரங்கூன்', 'மலேயா' என்று அடைமொழியோடு அழைக்கப்படும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு, பழைய கடிதம் எது இருந்தாலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அப்பத்தாவின் அட்டையில் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் பத்து வருஷம் காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ், பட்டா, குடியுரிமை என்று அலையும் தாயகம் திரும்பிய குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால், மனு எழுதிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். முகாமில் இருப்பவர்களை 'அவர்கள் வேறு' என்று நினைக்காதீர்கள். அவர்களில் பலருடைய பூர்வீக ஊர், நரிக்குடி போன்ற நம் ஊர்கள்தான்.

மூன்றாவது, எந்த நாட்டுத் தலைவர்கள் எங்கே கூடிக் கைகுலுக்கும் படத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: அந்த மேசையில் பேசப்படுபவர்களில் யாராவது அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா? காத்மண்டு, 1985, எட்டு நாடுகள் என்று தேர்வில் எழுதுங்கள். மதிப்பெண் நமக்கு வேண்டும். வேலை நமக்கு வேண்டும். ஆனால் விடைத்தாளில் கேட்காத அந்தப் பத்தாவது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். நாளை அந்த நாற்காலிகளில் ஒன்றில் நீங்கள் உட்காரும்போது, எதைப் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் முதலில் பேச வேண்டியிருக்கும்.

அன்று வகுப்பு முடிந்து கிளம்பும்போது அந்தத் தங்கை அப்பத்தாவின் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவே வகுப்பு எடுக்கிறார்.

ஜெய் பீம்.